பெஞ்சைத் தரையோட பிடிச்சுப் போடுறதா, சும்மா தூக்கி வைக்கிறதா? நம்ம மதுரை இடங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

குடியிருப்போர் சங்கமோ கோயில் கமிட்டியோ ஸ்கூல் பழைய மாணவர் குரூப்போ, நாலு பேர் சேர்ந்து காசு போட்டு பொது இடத்துல பெஞ்சு போடலாம்னு முடிவு பண்ணா அடுத்த நாளே நேரா கடைக்குப் போயி டிசைன் பாக்க ஆரம்பிச்சுடுறாங்க. சாய்மானம் இருக்கா, கலர் நல்லாருக்கா, உபயம்னு பேர் எழுத இடம் இருக்கான்னு பாத்து அட்வான்ஸும் குடுத்துட்டு வந்துடுறாங்க. அப்புறம்தான் இதைத் தரையில புதைக்கணுமா சும்மா வச்சா போதுமான்னு கேள்வி வருது, அதுக்குள்ள வாங்கின பெஞ்சுக்கு எது தோதோ அதைத்தான் செய்ய முடியும். வரிசையே தலைகீழ். முதல்ல இடத்தைப் பாக்கணும், அங்க வருஷம் முழுக்க என்னென்ன நடக்குதுன்னு பாக்கணும், பெஞ்சு கடைசி.

ரெண்டு வகைன்னு சொன்னாலும் நெசமா மூணு வகை இருக்கு. ஒண்ணு, காலைக் கான்கிரீட்டுல புதைச்சுடுறது, எடுக்கணும்னா ஒடைக்கத்தான் வேணும். ரெண்டாவது, காலுக்கு அடியில தகடு வச்சு ஆங்கர் போல்ட் (கான்கிரீட்டுக்குள்ள இறங்கிப் பிடிச்சுக்குற போல்ட்) போட்டு முடுக்குறது, இதுவும் பிக்ஸட்தான், ஆனா ஸ்பேனர் இருந்தா கழட்டலாம். மூணாவது, ஒண்ணுமே பண்ணாம தன் எடையிலயே நிக்கிறது. பலபேர் ஒண்ணாவதையும் மூணாவதையும் வச்சு மட்டும் சண்டை போடுவாங்க, நடுவுல இருக்குற போல்ட் வழிதான் பாதி எடத்துக்கு ஒத்து வரும்.

படி 1: அந்த இடம் யாரோடது?

இதை முடிச்சுட்டு மத்ததுக்கு வாங்க. மாநகராட்சி பார்க், தெரு ஓரம்னா உங்க ஏரியாவுக்கான மண்டல ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும், மதுரையில 100 வார்டுக்கும் 5 மண்டலம், கவுன்சிலர் மூலமா போனா வேகமா நடக்கும். மெயின் ரோடு ஓரம்னா அது நெடுஞ்சாலைத்துறை இடமா இருக்கலாம். கண்மாய்னா பெருசா இருந்தா நீர்வளத்துறை, சின்னதா இருந்தா பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம். கோயில் இடம்னா அறநிலையத்துறை, செயல் அலுவலர்கிட்ட கேக்கணும்.

சும்மா வைக்கிற பெஞ்சுக்கு எதுக்குங்க பர்மிஷன்னு கேப்பாங்க. வேணும். தோண்டுறதுக்கு கொஞ்சம் கூடுதலா வேணும், அவ்வளவுதான். தோண்டுறதுன்னா அடியில பாதாளச் சாக்கடை பைப்பு, குடிதண்ணி லைன், ஈபி கேபிள் எது போகுதுன்னு அந்தந்த ஆபீஸ்ல கேட்டு எழுத்துல வாங்கிக்கங்க. டவுனுக்குள்ள பழைய தெருக்கள்ல ஒரு முழம் தோண்டினாலே ஏதாவது ஒரு பைப்பு தட்டுப்படும்.

படி 2: வருஷத்துல ஒரு நாளாச்சும் அந்த இடம் காலியா இருக்கணுமா?

வேற ஊருக்கு எழுதுற கைடுல இந்தக் கேள்வியே இருக்காது, நம்மூருக்கு இதுதான் பெரிய கேள்வி. மாசி வீதிகள்ல சித்திரைத் தேர் வருது. தேர் திரும்புற முக்குல ஒரு அடி கூட விட்டுக் குடுக்க முடியாது, வடம் பிடிக்கிற ஜனம் ரெண்டு பக்கமும் நெருக்கியடிச்சுட்டு வரும், அதுல புதைச்ச பெஞ்சு ஒண்ணு முட்டியில இடிச்சா ஒருத்தர் விழுந்தா பின்னாடி பத்துப் பேர் விழுவாங்க. அழகர் வர்ற பாதையும் அப்படித்தான், மூன்றுமாவடியில எதிர்சேவை, அங்கிருந்து தல்லாகுளம், அப்புறம் வைகைன்னு, அந்த ராத்திரியெல்லாம் ரோடு ஓரத்துல தலைதான் தெரியும். தெப்பக்குளத்தைச் சுத்தி தைமாசம் தெப்பத்துக்கு அதே கதை. சின்ன ஊர்லயும் முளைப்பாரி, சப்பரம், அன்னதானப் பந்தல்னு எதாவது ஒண்ணு இருக்கும்.

அதனால தேர், சப்பரம், பந்தல், ஆம்புலன்ஸ், தண்ணி லாரி, இந்த அஞ்சுல ஒண்ணாவது அந்த இடத்துக்கு வரும்னா புதைக்கவே புதைக்காதீங்க. போல்ட் போட்டுக் கழட்டுற மாதிரி போடுங்க, இல்ல நாலு பேர் தூக்குற மாதிரி வைங்க. போல்ட் கழட்டினா தரையில நீட்டிக்கிட்டு நிக்கிற கம்பி வெறுங்காலோட வர்ற பக்தர் காலைக் கிழிக்கும், இதை யாரும் யோசிக்கிறதில்ல. தரை மட்டத்துக்குள்ள புதையுற சாக்கெட் வகை ஆங்கர் கிடைக்குது, போல்ட்டைக் கழட்டினதும் அந்த ஓட்டைக்கு ஒரு மூடி ஸ்க்ரூ போட்டுட்டா தரை தரையா இருக்கும். கொஞ்சம் காசு கூட, குடுக்கலாம்.

கழட்டின பெஞ்சை எங்க வைக்கப் போறீங்கன்னும் இப்பவே பேசிக்கங்க, கோயில் மண்டபமா சங்கக் கட்டடமான்னு. இல்லாட்டி திருவிழா முடிஞ்சு பாத்தா ஆறு பெஞ்சு நாலா ஆயிருக்கும்.

படி 3: தரையைத் தட்டிப் பாருங்க

பார்க்குலயும் பிளாட்பாரத்துலயும் இப்ப முக்காவாசி பேவர் பிளாக்தான். பாக்க கெட்டியா இருக்கும், ஆனா அது 60 மில்லி, 80 மில்லி கனத்துல தனித்தனி கல்லு, அடியில மணல் படுக்கை. அதுல டிரில் பண்ணி போல்ட் போட்டுத் தர்றேன்னு வர்றவரை அப்படியே திருப்பி அனுப்புங்க. ரெண்டு பேர் சாஞ்சு உக்காந்தா கல்லோட சேத்து பெஞ்சு மேல வந்துடும். பேவர்ல பிக்ஸட் வேணும்னா கல்லை எடுத்துட்டு அடியில கான்கிரீட் போட்டு மறுபடி கல்லை அடுக்கணும், அதுக்கு மனசில்லன்னா வெயிட்டான பெஞ்சை சும்மா வைக்கிறதே மேல்.

மண் தரைன்னா என்ன மண்ணுன்னு பாருங்க. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் கரிசல். மழையில உப்பும், கோடையில கை நுழையுற அளவு வெடிக்கும். அதுல அரையடி ஆழத்துல குழி எடுத்துப் புதைச்ச பெஞ்சு ரெண்டு மழைக்காலம் தாண்டினா ஒரு பக்கம் தூக்கிக்கும், மேல இருக்குற சிலாப்புல கீறல் விடும். கரிசல்ல ரெண்டு வழிதான். ஒண்ணு, நல்லா ஆழமா தோண்டி கரிசலை எடுத்துட்டு கிராவல் கொட்டி இடிச்சு அது மேல ஒரே பிளாட்பாரமா கம்பி கட்டி கான்கிரீட் போடுறது, ரெண்டு காலும் ஒரே பலகைக்கு மேல நிக்கிறதால தூக்கினாலும் மொத்தமா தூக்கும், முறியாது. இல்லாட்டி புதைக்காம வச்சுட்டு வருஷா வருஷம் லெவல் பாத்து அடியில ஜல்லி கொடுக்குறது. மேலூர் பக்கம் மாதிரி செம்மண்ணு, சரளைன்னா இந்தத் தொல்லை இல்ல, சாதா குழியே போதும்.

கண்மாய்க் கரையைப் பத்தி தனியா சொல்லணும். கரைங்கறது தண்ணியைத் தாங்கி நிக்கிற மண்ணு. அதுல வரிசையா குழி எடுத்தா ஒவ்வொரு குழியும் தண்ணி கசியுறதுக்கு ஒரு வாய். கரை மேல பிக்ஸட் பெஞ்சு வேணவே வேணாம், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

மரத்தடியும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். அரசு, ஆலு, வேம்பு எதுவா இருந்தாலும் வேரை வெட்டி அஸ்திவாரக் கான்கிரீட் (புட்டிங்) போட்டா மரத்துக்கும் கேடு, அந்த வேர் பருத்து வர்றப்ப பெஞ்சுக்கும் கேடு. அடிமரத்தைச் சுத்தி இறுக்கமா சிமெண்ட் மேடை கட்டுற பழக்கத்தையும் விட்டுடலாம், மரத்துக்கு தண்ணி இறங்க வழி வேணும். அடியில இருந்து ஒரு மீட்டராவது தள்ளி சும்மா வைக்கிற பெஞ்சு, அம்புட்டுத்தான். மேல காக்கா கொக்கு அடையுற கிளை இருக்கான்னும் அண்ணாந்து ஒருவாட்டி பாத்துக்கங்க.

படி 4: நெழல் எங்க விழுதுன்னு பாக்காம போல்ட் போடாதீங்க

மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வடக்கு அட்சத்துல இருக்கு. சித்திரை பொறக்குற சமயத்துல மத்தியானம் சூரியன் உச்சந்தலைக்கு நேரா வந்துடும், அப்புறம் ஆவணி வரைக்கும் உச்சிப்பொழுதுல கொஞ்சம் வடக்க நிக்கும், அதாவது அக்னி நட்சத்திரத்துல மத்தியான நெழல் மரத்துக்குத் தெக்க விழும். மார்கழியில அதே மரத்து நெழல் வடக்க விழும். ஆனா சாயங்காலம் நாலு மணி வெயிலுக்கு எந்த மாசமா இருந்தாலும் நெழல் மரத்துக்கு, செவுத்துக்கு கெழக்காலதான். சாயங்காலம் வாக்கிங் வர்றவங்களுக்குன்னா மரத்துக்கு, கட்டடத்துக்கு கெழக்குப் பக்கமா போடுங்க, காலையில வர்றவங்களுக்குன்னா மேற்கு. ரெண்டு நேரமும் ஆள் வர்ற இடம்னா புதைச்ச பெஞ்சு பாதி நேரம் வெயில்ல காயும், அங்க நகர்த்துற மாதிரி வச்சா ஜனமே இழுத்துப் போட்டு உக்காந்துக்கும்.

நியூயார்க்ல பிரையன்ட் பார்க்னு ஒண்ணு, 1992-ல புதுப்பிச்சுத் திறந்தப்ப நகர்த்துற சேரா போட்டாங்க, இன்னிக்கும் அப்படித்தான் இருக்கு. அங்க பாத்துக்க ஆள் இருக்காங்க, நம்ம பார்க்குல தனி சேர் போட்டா மறுநாள் பக்கத்து டீக்கடையில இருக்கும், அதனால அப்படியே காப்பி அடிக்கச் சொல்லல. ஆனா அதுல இருந்து ஒரு வித்தை எடுத்துக்கலாம்: போல்ட் ஓட்டை இருக்குற பெஞ்சா வாங்கி, ஆள் காவல் இருக்குற இடமா இருந்தா மொதல் ரெண்டு மூணு மாசம் போல்ட் போடாம விட்டுடுங்க. ஜனம் எங்க இழுத்துட்டுப் போயி போடுதோ, எந்தப் பக்கம் பாத்துத் திருப்புதோ, அதுதான் சரியான இடம். அப்புறம் அங்க முடுக்குங்க.

படி 5: எடைக் கணக்கு

வெயிட்டா இருந்தா கவுறாதுங்கறது பாதிதான் உண்மை. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க, ஆனா பெஞ்சைக் கவுக்குறது காத்து இல்ல, சாய்மானத்து மேல ஏறி உக்காருற பசங்க.

கணக்கு சிம்பிள். 150 கிலோ சிமெண்ட் பெஞ்சு, காலு முன்ன பின்ன 45 சென்டிமீட்டர் அகலம், எடை நடுவுல இருக்குன்னு வச்சுக்கங்க. பின்னங்கால் விளிம்புல இருந்து எடை 22.5 சென்டிமீட்டர் தள்ளி நிக்குது. சாய்மானத்து உச்சி தரையில இருந்து 80 சென்டிமீட்டர். 150-ஐ 22.5-ஆல பெருக்கி 80-ஆல வகுத்தா 42. அதாவது உச்சியில 42 கிலோ பலத்துல பின்னாடி இழுத்தா 150 கிலோ பெஞ்சு கவுந்துடும். ரெண்டு பசங்க தொங்கினா போதும். அதே பெஞ்சு காலு அகலம் 60 சென்டிமீட்டர்னா 56 கிலோ வேணும். சாய்மானமே இல்லாத பெஞ்சுன்னா உக்காருற உயரம் 45 சென்டிமீட்டர்தானே, 75 கிலோ ஆயிடும், அதுக்குள்ள பெரும்பாலும் வழுக்கி நகருமே தவிர கவுறாது.

இதுல இருந்து ரெண்டு முடிவு. சும்மா வைக்கிற பெஞ்சுன்னா சாய்மானம் இல்லாததா எடுங்க, இல்ல பின்னங்கால் சாய்மானத்தைத் தாண்டி வெளிய நீட்டிட்டு இருக்குறதா எடுங்க. சாய்மானமும் வேணும், காலும் குறுகலா இருக்குன்னா, குழந்தைங்க வர்ற இடத்துல கண்டிப்பா போல்ட்.

எடை தெரியலன்னா நீங்களே போட்டுக்கலாம். கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2400 கிலோ, கிரானைட் 2700 சுமாருக்கு. 6 அடி நீளம், ஒண்ணரை அடி அகலம், 2 இஞ்ச் கனம் கிரானைட் பலகை மட்டும் 115 கிலோ வரும். நெறைய பேர் இதைத்தான் போடுறாங்க, நல்ல பொருள்தான். ஆனா பலகையைக் கால் மேல சும்மா வச்சு ஓரத்துல சிமெண்ட் பூசி விட்டுட்டா அது பெஞ்சு இல்ல, யார் கால்லயோ விழக் காத்திருக்குற கல்லு. காலுக்கும் பலகைக்கும் நடுவுல குட்டையான ஸ்டீல் கம்பி (டவல் பின்) சொருகி எபாக்ஸிப் பசை ஊத்தி ஒட்டியிருக்கான்னு கேட்டு வாங்குங்க. மூணு பீஸா வர்ற ரெடிமேட் சிமெண்ட் பெஞ்சும் இப்படித்தான், சும்மா வைக்கிற பெஞ்சுன்னு பேரு, இழுத்தா ஜாயின்ட் விட்டுப் போகும். நகர்த்தணும்னா நாலு பேர் தூக்கணும், தரதரன்னு இழுக்கக் கூடாது.

பஸ் ஸ்டாண்டுல பாக்குற ஓட்டை போட்ட ஸ்டீல் சீட் வகையை ரெண்டு பேர் தூக்கிடலாம். அதைப் போல்ட் போடாம வைக்கிறது பழைய இரும்புக் கடைக்கு உபயம் பண்ற மாதிரி.

படி 6: அளவு

உக்காருற உயரம் 43-ல இருந்து 48 சென்டிமீட்டர், அதாவது 17-ல இருந்து 19 இஞ்ச். கம்மியா இருந்தா முட்டி வலி உள்ளவங்க எந்திரிக்க முடியாது. கைப்பிடி ரெண்டு ஓரத்துலயும் வேணும், வயசானவங்க அதை ஊனித்தான் எந்திரிப்பாங்க. யாரும் படுத்துடக் கூடாதுன்னு நடுவுல கம்பி போடச் சொல்றவங்க இருக்காங்க, வெளியூர்ல இருந்து வந்து பஸ்சுக்குக் காத்துக் கெடக்குற மனுஷன் ஒரு மணி நேரம் சாஞ்சா நமக்கு என்ன கொறைஞ்சு போச்சு.

பிளாட்பாரத்துல நடக்குறதுக்கு 1.8 மீட்டராவது இடைஞ்சல் இல்லாம விடணும்னு ரோடு போடுறதுக்கு விதி வகுக்குற இந்திய ரோடு காங்கிரஸ் அமைப்போட வழிகாட்டி சொல்லுது. பெஞ்சு அரை மீட்டர், உக்காந்தவங்க கால் நீட்ட 60 சென்டிமீட்டர், ஆகமொத்தம் 2.9 மீட்டர் கிட்ட அகலம் வேணும். நம்ம தெருக்கள்ல எத்தனை பிளாட்பாரம் அவ்வளவு அகலம்னு உங்களுக்கே தெரியும், இல்லன்னா அங்க பெஞ்சே வேணாம், பிக்ஸடும் வேணாம் சும்மாவும் வேணாம். பார்வை இல்லாதவங்களுக்குப் பதிச்சிருக்குற மஞ்சள் கோட்டுக் கல்லு மேல வச்சுடாதீங்க. சும்மா வைக்கிற பெஞ்சுல இது இன்னும் கவனம், இன்னிக்கு ஒழுங்கா வச்சாலும் நாளைக்கு யாராச்சும் அது மேல இழுத்துப் போட்டுடுவாங்க, அந்தக் கோடு இருக்குற இடத்துல போல்ட் பண்றதே சரி. பெஞ்சுக்குப் பக்கத்துல 90-க்கு 120 சென்டிமீட்டர் சமதரை விட்டா வீல்சேர்ல வர்றவங்க கூட வந்தவங்க பக்கத்துலயே நிக்கலாம்.

படி 7: இப்ப முடிவு பண்ணுங்க

பஸ் ஸ்டாப்புல ஸ்டீல் பெஞ்சு, போல்ட், வேற பேச்சே இல்ல. காவல் உள்ள பார்க்குல வெயிட்டான சிமெண்ட் பெஞ்சோ கிரானைட் பெஞ்சோ சும்மா வைக்கலாம், குழந்தைங்க ஆடுற இடத்துக்குப் பக்கத்துல மட்டும் போல்ட். கண்மாய்க் கரை, மரத்தடி ரெண்டுக்கும் சாய்மானம் இல்லாத வெயிட்டான பெஞ்சு, தோண்டாம. தேர் ஓடுற வீதின்னா கழட்டுற சாக்கெட் போல்ட். ஆஸ்பத்திரி வாசல்ல பிக்ஸட், ஏன்னா அங்க ஸ்ட்ரெச்சர் வழி எப்பவும் அப்படியே இருக்கணும். கல்யாண மண்டபம், சமுதாயக் கூடம் மாதிரி தெனமும் வேற வேலை நடக்குற இடத்துல நகர்த்துறதுதான். புதைக்கிறது எங்கதான்னு கேட்டா, திருவிழா வராத, பைப்பு போகாத, செம்மண் தரையில, ராத்திரி ஆள் நடமாட்டம் இல்லாம திருட்டு பயம் உள்ள இடத்துல. அப்படிப்பட்ட இடம் ரொம்ப இல்ல.

படி 8: போடுற முறை

பிக்ஸட்னா: இடத்தைச் சுண்ணாம்பால குறிச்சு, பிளாஸ்டிக் சேரை வச்சு ரெண்டு நாள் காலையும் சாயங்காலமும் உக்காந்து பாருங்க. அப்புறம் ஒவ்வொரு காலுக்கும் ஒரு அடிக்கு ஒரு அடி, ஒண்ணரை அடி ஆழம் குழி, அடியில ஜல்லி இடிச்சு, சிமெண்ட் ஒண்ணு, மணல் ஒண்ணரை, ஜல்லி மூணுங்கற கலவையில கான்கிரீட். மேல் மட்டம் லேசா சரிவா இருக்கட்டும், தண்ணி கால்கிட்ட தேங்கினா ஆறு மாசத்துல துரு. சணல் சாக்கு போட்டு ஏழு நாளாச்சும் தண்ணி ஊத்துங்க, கோடையில ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. ஆங்கர் போல்ட் அடிக்கிறதுன்னா முழு பலம் வர 28 நாள் விட்டா நல்லது, மேஸ்திரி நாளைக்கே அடிச்சுடலாம்பாரு, கேக்காதீங்க. 10 இல்லன்னா 12 மில்லி போல்ட், துருப்பிடிக்காம இருக்க துத்தநாகத்துல முக்கினது (ஹாட் டிப் கால்வனைஸ்) இல்லன்னா ஸ்டெயின்லெஸ். கான்கிரீட் ஓரத்துக்கு ரொம்ப கிட்ட விரியுற வகை ஆங்கர் அடிச்சா ஓரம் தெறிச்சுடும், அங்க ஓட்டையில பசை மருந்து ஊத்தி ஒட்டுற கெமிக்கல் ஆங்கர் போடுங்க, ஓட்டையில தூசி இருந்தா பிடிக்காது, ஊதி பிரஷ் விட்டு சுத்தம் பண்ணின பிறகுதான் மருந்து.

சும்மா வைக்கிறதுக்கும் வேலை இருக்கு. மண்ணைக் கெட்டிச்சு லெவல் பண்ணி ஒவ்வொரு காலுக்கும் அடியில ஒரு பலகைக் கல்லு. ஆட்டுனா ஆடக் கூடாது. ஆடுற பெஞ்சுல யாரும் உக்கார மாட்டாங்க, உக்காந்தாலும் ஜாயின்ட் சீக்கிரம் விட்டுடும்.

பராமரிப்பு

ஐப்பசி மழை முடிஞ்சதும் ஒரு ரவுண்டு, சித்திரைத் திருவிழா முடிஞ்சதும் ஒரு ரவுண்டு. பிக்ஸட்னா நட்டைத் தட்டிப் பாருங்க, தகடு அடியில துரு கோடு போட்டிருக்கான்னு பாருங்க. சிமெண்ட்னா அடிப்பக்கம் குனிஞ்சு பாக்கணும், பழுப்பா கோடு தெரிஞ்சா உள்ள கம்பி துருப்பிடிச்சு உப்புதுன்னு அர்த்தம், கம்பி மேல 20, 25 மில்லி கான்கிரீட் மூடியிருக்கணும், மலிவு பெஞ்சுல அது இருக்காது. அந்தப் பெஞ்சைப் பூசி ஒப்பேத்தாம எடுத்துடுங்க. சும்மா வச்சதுன்னா எண்ணிப் பாருங்க, நகர்ந்ததைத் திரும்பக் கொண்டாந்து வைக்க நாலு ஆளுக்கு யார் கூலி குடுக்குறதுன்னு சங்கத்து மினிட்ஸ்லயே எழுதி வச்சுக்கங்க, போல்ட்டுக்கு உள்ள ஸ்பேனரும் நாலு நட்டும் யார் வீட்டுல இருக்குங்கறதையும் அதுலயே எழுதிடுங்க.